பிரிவினையே, உன் உழைப்புக்கு ஈடில்லை

பிரிவினையே, உன்னை நான் மனதாரப் புகழ்கிறேன். எங்கள் கடலூர் மண்ணில் வேலை பார்த்தவர்கள் எத்தனையோ பேர். பல்லவன் வந்தான், சோழன் வந்தான், தேவனாம்பட்டினத்தில் கோட்டை வைத்திருந்த வெள்ளைக்காரனும் வந்து போனான். ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளாக ஒரு நாளும் சோர்ந்து உட்காராமல் இங்கே உழைத்துக்கொண்டிருப்பது நீ மட்டும்தான்.

திருப்பாதிரிப்புலியூரில் நீ செய்த முதல் வேலையைச் சொல்கிறேன். கி.பி. 458இல் சர்வநந்தி என்ற சமண முனிவர் ‘லோகவிபாகம்’ என்ற நூலை எழுதி முடித்தது இந்த ஊரில்தான் என்பது ஆய்வாளர் முடிவு. உலகத்தின் அமைப்பை ஆராயும் நூல் அது. பாடலிபுத்திரம் என்ற பெயரோடு விளங்கிய இந்த ஊரின் சமணப் பள்ளியில்தான் மருள்நீக்கியார் தருமசேனராக இருந்தார். பிறகு சைவத்துக்குத் திரும்பி நாவுக்கரசர் ஆனார். ஒரு மனிதர் மனம் மாறியதை ஊர் பொறுத்துக்கொண்டிருக்கலாம். நீ பொறுக்க விடவில்லை. பெரியபுராணம் சொல்லும் கதையில் உன் நடுநிலை நன்றாகத் தெரிகிறது. முதலில் சமணர் பக்கம் நின்று அவரை நீற்றறையில் அடைக்க வைத்தாய், நஞ்சு ஊட்ட வைத்தாய், கல்லோடு கட்டிக் கடலில் தள்ள வைத்தாய். அவர் எங்கள் ஊர்ப் பக்கம் கரையேறினார். பிறகு நீ இந்தப் பக்கம் வந்துவிட்டாய். பல்லவ மன்னன் பாடலிபுத்திரத்துப் பள்ளியை இடித்து, அந்தக் கல்லைக் கொண்டுபோய்த் திருவதிகையில் குணபரவீச்சரம் எடுத்தான். இரு தரப்புக்கும் நீ குறை வைக்கவில்லை. சர்வநந்தியின் பிராகிருத மூலம் இன்று கிடைக்கவில்லை. சிம்மசூரி என்பவர் பின்னால் செய்த சமஸ்கிருத நூல் மிஞ்சியதால்தான் அப்படியொரு நூல் இருந்த சேதியே நமக்கு வந்து சேர்ந்தது.

மதத்துக்கு மதம் மூட்டிவிடுவது உனக்கு எளிய வேலை. ஒரே கூரைக்குள்ளும் நீ புகுந்துவிடுவாய் என்பதுதான் உன் தனிச் சிறப்பு. சிதம்பரத்தில் ஒரே இடத்தில் நின்று நடராசரையும் கோவிந்தராசரையும் கும்பிடலாம். அந்தப் பெருமாளைத்தான் இரண்டாம் குலோத்துங்கன் கடலில் போட்டான் என்று ஒட்டக்கூத்தர் பெருமையாகப் பாடி வைத்தார். 1539இல் விஜயநகர மன்னர் அச்சுதராயர் அவரை மறுபடியும் நிலைநிறுத்தும்படி ஆயிற்று. இடையில் ஏறத்தாழ நானூறு ஆண்டுகள்!

அதற்கும் மேல் ஒன்று செய்தாய். ஆறுமுக நாவலர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து 1864இல் சிதம்பரத்தில் சைவப் பிரகாச வித்தியாசாலையை நிறுவியவர். வள்ளலார் 1867இல் வடலூரில் தருமசாலை திறந்து பசித்தவருக்கு அடுப்பு மூட்டியவர். ஒருவர் அறிவுக்குப் பள்ளி கட்டினார், ஒருவர் வயிற்றுக்குச் சோறு போட்டார். இருவருமே சிவனடியார்கள், இருவருமே தமிழ்க் கடல்கள். இப்படிப்பட்ட இருவரையும் 1869இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றத்து வழக்கில் எதிரெதிரே நிறுத்தினாயே, அந்தத் திறமை வேறு யாருக்கு வரும்? வள்ளலார் பாடியது அருட்பாவா, மருட்பாவா என்ற சண்டை அவர்களோடு முடியவும் இல்லை. அடுத்த நூற்றாண்டு பிறந்த பிறகும் கதிரைவேற்பிள்ளையும் மறைமலையடிகளும் அதையே மேடையேற்றிப் பொருதினார்கள். அந்தச் சண்டைக்குச் செலவான மையிலும் காகிதத்திலும் எத்தனை பிள்ளைகளுக்குப் பாடநூல் அச்சிட்டிருக்கலாம் என்று நினைத்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை.

சாதி என்ற கருவி உன் கைக்கு வந்தபோது உன் வேலை இன்னும் நுணுக்கமானது. ஏழைக் கிராமத்தைக்கூட எல்லாவற்றையும் இரண்டிரண்டாகக் கட்ட வைத்தாய். ஒரே பஞ்சாயத்தில் இரண்டு சுடுகாடு. ஒன்றுக்குத் தார்ச்சாலை போய்ச் சேரும். மற்றொன்றுக்கு ஐப்பசி மழையில், நட்ட வயலின் வரப்பில் வழுக்கி வழுக்கிப் பாடையைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். அந்தச் சாலையை நீட்டிப் போடுவதற்குக் கல்லும் தாரும் குறைந்ததே இல்லை. நீ குறுக்கே படுத்திருந்தாய். சாதி வேறுபாடு இல்லாமல் ஒரே மயானத்தைப் பயன்படுத்தும் ஊருக்குத் தமிழக அரசு 10 லட்சம் ரூபாய் பரிசு அறிவித்திருக்கிறது. செத்தவனை அண்டை வீட்டான் பக்கத்தில் எரிக்கச் சம்மதித்ததற்குப் பரிசு! ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கூடுதல் அறை கட்ட உதவும் பணத்தை இதற்கு எடுத்து வைக்க வேண்டிய நிலைக்கு ஓர் அரசைக் கொண்டுவந்திருக்கிறாய். உன் செல்வாக்கு சாதாரணமானதல்ல.

புவனகிரிப் பக்கம் தெற்குத்திட்டை. 2020இல் அந்த ஊராட்சியின் கூட்டப் படம் ஒன்று நாடெங்கும் பரவியது. மற்றவர்கள் நாற்காலியில் இருக்கிறார்கள். வாக்குப் பெற்று வென்ற தலைவர், ஆதிதிராவிடப் பெண், தரையில் உட்கார்ந்திருக்கிறார். தேசியக் கொடியை ஏற்றவும் தன்னை விடவில்லை என்று அவர் சொன்னார். அரசியல் சட்டம் இடஒதுக்கீடு கொடுத்தது, ஊர் வாக்கு கொடுத்தது, தேர்தல் அதிகாரி சான்றிதழ் கொடுத்தார். இத்தனையும் தாண்டி அந்த நாற்காலியை மட்டும் நீ உருவிக்கொண்டாய். தலைவரே தரையில் இருக்கும் ஊரில் எந்தக் குடிநீர்த் தொட்டிக்கு, எந்தத் தெருவிளக்குக்கு யார் வாய் திறந்து கேட்பது?

விருத்தாசலம் பக்கத்தில் 2003 ஜூலையில் நீ செய்ததைப் புகழ எனக்கு நாக்கு எழவில்லை. ஆனாலும் அதை விட்டுவிட்டால் உன் சாதனைப் பட்டியல் முழுமையாகாது. பையன் வேதிப் பொறியியல் பட்டதாரி, தலித். பெண்ணும் படித்தவள், வேறு சாதி. கடலூரில் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். இருவருக்கும் நஞ்சைக் கொடுத்துக் கொன்று, எரித்தும் விட்டார்கள், பெண்ணைப் பெற்ற வீட்டாரே முன்னின்று. 2021 செப்டம்பரில் கடலூர் நீதிமன்றம் 13 பேரைக் குற்றவாளிகள் என்றது. அவர்களில் காவல்துறையினரும் உண்டு. பதினெட்டு ஆண்டுகள் ஒரு வழக்கை இழுத்தடிக்கும் பொறுமையை உனக்கு யார் கற்றுக் கொடுத்தார்கள்? அந்தப் பையனைப் பொறியாளராக்க அவன் வீடு பட்ட பாட்டை எண்ணிப் பார்க்கிறேன். சேரியில் ஒரு தலைமுறை வயிற்றைக் கட்டி வாயைக் கட்டிப் படிக்க வைத்த பிள்ளை. நாட்டுக்கு ஒரு பொறியாளர் போனார் என்று எழுதினால் அது பாதிக் கணக்குத்தான். அவனைப் பார்த்து, நம் பிள்ளையும் படிக்கட்டும் என்று துணிந்திருக்கக் கூடிய வீடுகளையும் நீ சேர்த்துத்தான் அடித்தாய்.

கடல் தாண்டியும் உனக்குப் பேர் உண்டு. 1948இல் விடுதலை பெற்றபோது எழுத்தறிவில் ஆசியாவின் பல நாடுகளை முந்தி நின்ற இலங்கையில் 1956இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று சட்டம் எழுத வைத்தாய். நாவலர் பிறந்த யாழ்ப்பாணத்தில் 1981இல் ஏறத்தாழ 97,000 நூல்களோடு பொதுநூலகத்தை எரித்தாய். 1983 ஜூலையில் தொடங்கிய தீ 2009 வரை அணையவில்லை. 2022இல் அந்த நாடு வெளிக்கடனைக் கட்ட முடியாமல் கைவிரித்தது. அந்தச் சரிவுக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் இருபத்தாறு வருடம் துப்பாக்கிக்குக் கொட்டிய செல்வத்துக்குப் பொறுப்பு உன்னுடையது.

உன்னை மீறியவர்களும் இங்கே இருந்தார்கள். 1916இல் சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் நந்தனார் பெயரில் கல்விக்கூடம் தொடங்கினார். வாசலில் நிறுத்தப்பட்ட சமூகத்தின் பிள்ளைகள் அங்கே எழுத்துக் கற்றுப் பதவிக்கும் போனார்கள். 2004 டிசம்பர் 26 அன்று கடல் பொங்கி, தேவனாம்பட்டினம் முதல் கரையோரக் குப்பங்களெல்லாம் சிதைந்தபோது, பரங்கிப்பேட்டை முஸ்லிம்கள் சோறு பொங்கி மீனவர்களுக்குக் கொண்டுவந்து கொடுத்தார்கள். யார் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர் என்று அன்று ஒருவரும் கேட்கவில்லை. நீ திகைத்து ஒதுங்கி நின்றிருப்பாய். ஆனால் உன் கடமையுணர்ச்சி பெரிது. நிவாரணப் பட்டியல் எழுத ஆள் வந்ததும் நீயும் வந்துவிட்டாய். தமிழகக் கரையோரத்தில் அன்று பட்டியலில் விடுபட்ட காலனிகள் எவை என்று விசாரித்தாலே போதும், நீ மறுபடியும் வேலையில் சேர்ந்த நாளைச் சொல்லிவிடலாம்.