உறக்கத்திற்கு 50 கெஜம்

ஹவாய்த் தீவின் மேற்குக் கரையான கோனாவில், டால்பின்களோடு நீந்தும் விடுமுறை உலாக்கள் நெடுங்காலம் காலைப்பொழுதிலேயே நடத்தப்பட்டதற்குத் தக்க காரணம் உண்டு: துள்ளியெழும்போது தம் உடலையே அச்சாகக் கொண்டு சுழல்வதால் சுழல் டால்பின்கள் எனப்படும் இவ்விலங்குகள், இரவெல்லாம் ஆழ்கடலில் சிறுமீனும் கணவாயும் வேட்டையாடிய களைப்போடு, உறங்குவதற்காக அந்நேரத்தில்தான் கரையோர விரிகுடாக்களுக்கு வந்து சேர்கின்றன.

மூளையின் ஒரு பாதி துயில மறுபாதி விழித்திருக்கும் அரைமூளை உறக்கமே இவற்றுக்கு இயற்கை வகுத்தது. சுறாவைக் கண்காணிக்க வேண்டிய அந்த விழித்த பாதிக்கு, படகிலிருந்து குதிப்போரைக் கண்காணிக்கும் மேலதிகப் பணியும் ஊதியமின்றி வழங்கப்பட்டது. விருந்தினர் வருகையால் அவை அகமகிழ்ந்தன என்பதற்குச் சான்றாகக் காட்டப்படும் புன்னகையோ தாடையின் நிலையான வடிவமேயாதலால், பசியிலும் வலியிலும்கூட அது மாறுவதில்லை.

கடல்வாழ் பாலூட்டிகளைத் தொல்லைப்படுத்துவதை அமெரிக்கச் சட்டம் 1972-லேயே தடுத்திருந்தது. ஆயினும், நீச்சல் கண்ணாடியும் துடுப்புக் காலணியும் அணிந்து பிறர் படுக்கையறைக்குள் கூட்டமாக நுழைவதும் தொல்லையே எனக் கண்டு, கரையிலிருந்து 2 கடல் மைலுக்குள், அதாவது ஏறத்தாழ 3.7 கிலோமீட்டருக்குள், சுழல் டால்பின்களை 50 கெஜத்திற்குள் நெருங்கலாகாது என்று தனி விதி இயற்றப்பட்டது 2021-இல்தான். உறங்குவோரை எழுப்பலாகாது என்னும் நுண்பொருளை அரசு உணர்ந்து தெளிய அரைநூற்றாண்டு ஆயிற்று என்பதை, அவசரப்படாத நிர்வாகத்தின் இலக்கணமாகவே கொள்ள வேண்டும்.