வண்டிக்கு நேரமாகிவிட்டது என்பவர்

பெரிய கோயிலில் கூட்டமாக இருக்கும் என்று சொல்லி, வந்த விருந்தினரைத் தாராசுரத்துக்கு ரயிலேற்றிவிடும் தஞ்சாவூர்க்காரர், தம் ஊருக்கு வரும் சுற்றுலாப் பயணிகளை ஒரு படையெடுப்பாகவே கருதுகிறவர். முதலாம் இராசராசன் 1010-இல் எழுப்பி முடித்த கோயிலின் மீது அவருக்கு எந்தக் குறையும் இல்லை. அதன் வாசலில் நிற்கும் பேருந்துகளும் செல்பி எடுப்போரும்தான் அவருக்கு ஆகாதவர்கள். அமைதி வேண்டுமானால் மெயின் லைனில், அதாவது தஞ்சையிலிருந்து கும்பகோணம், மயிலாடுதுறை வழியாக விழுப்புரம் செல்லும் பழைய இருப்புப் பாதையில், முன்பதிவே இல்லாமல் சிறு நிலையங்களிலெல்லாம் நின்று போகும் பாசஞ்சர் வண்டியில் காலையில் போய் மாலையில் திரும்ப வேண்டும் என்பது அவர் கொள்கை. கொரோனாக் காலத்தில் 30 ரூபாயான குறைந்தபட்சக் கட்டணம் 2024-இல் மீண்டும் 10 ரூபாய்க்கு இறங்கிய வரலாற்றையும் அவர் பயணச்சீட்டோடு சேர்த்தே வழங்குவார். அந்தச் சீட்டைத் தவிர அன்றைய செலவு வேறெதையும் அவர் ஏற்பதில்லை என்பது தனியே ஆராயத்தக்கது.

திட்டை, பசுபதிகோவில், அய்யம்பேட்டை, பண்டாரவாடை என்று வண்டி நின்று நின்று போகும்வரை அவரைப் போன்ற நிதானமான மனிதரைக் காண்பது அரிது. இறங்க வேண்டிய நிலையத்தில் இறங்கிய அக்கணமே, திரும்பும் வண்டி என்னும் கவலை அவரைப் பற்றிக்கொள்கிறது. புறப்படும் ஊரிலிருந்தே இன்னும் புறப்படாத அந்த வண்டி சரியான நேரத்துக்கு வருமா என்று நிலைய அதிகாரியிடம் கேட்டு, செல்போனில் சரிபார்த்து, போதாக்குறைக்குத் தேநீர்க் கடைக்காரரிடமும் உறுதி செய்துகொண்ட பிறகே அவர் ஊருக்குள் கால் வைப்பார்.

தாராசுரத்து ஐராவதேசுவரர் கோயில் 12-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் இராசராசனால் கட்டப்பட்டு, 2004-இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களில் சேர்க்கப்பட்டது. அங்கே அறுபத்துமூவர் வரலாற்றைச் சாணளவுக் கற்களில் செதுக்கிவைத்திருக்கிறார்கள் என்றாலும், அவருடன் சென்றவர்களில் மூன்று நாயன்மார்களுக்கு மேல் பார்த்தவர் எவருமில்லை. சக்கரங்களும் பாயும் குதிரைகளுமாகத் தேர் வடிவில் அமைந்த இராசகம்பீரன் மண்டபத்தின் முன் யாரேனும் மெய்மறந்து நின்றால், "கல்தேர் எங்கேயும் போயிடாது, வண்டி போயிடும்" என்று அவர் தோளைத் தட்டுவார். சுவாமிமலையிலோ, பிரபவ தொடங்கி அட்சய வரையிலான 60 தமிழ் ஆண்டுகளின் பெயர் தாங்கிய படிகளை, ஒரு முழு வட்டத்தையும் இரண்டே நிமிடத்தில் கடந்து ஏறி, அதைவிட விரைவாக இறங்கிவிடுவார். அவ்வூர் ஸ்தபதிகள் மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசி, சூடேற்றி மெழுகை வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றிச் சிலை வார்ப்பவர்கள். பட்டறையில் இம்முறையை ஒருவர் பொறுமையாக விளக்கிக்கொண்டிருக்கையில், மெழுகு வெளியேறும் கட்டத்திலேயே விருந்தினரும் வெளியேற்றப்பட்டுவிடுவதால், சிலை என்னவாயிற்று என்பது அவர்களுக்கு இறுதிவரை தெரிவதில்லை.

இத்தனைக்கும் கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூர் சுமார் 40 கிலோமீட்டர்தான். பேருந்துகள் இரவு வரை ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டேயிருக்கின்றன. வண்டி தவறினால் நேரக்கூடிய தீங்கு எதுவும் இல்லை என்பதை விருந்தினர் தயங்கித் தயங்கி எடுத்துச் சொன்னால், ஆசாரத்தை மீறச் சொன்னவரைப் பார்ப்பதுபோல் அவர் பார்ப்பார்.

ஒரு மணி நேரம் முன்னதாகவே நடைமேடைக்கு வந்து சேர்ந்தபின், வண்டி தாமதம் என்று தெரியவரும். ஒற்றைப் பாதையில் எதிரெதிராக வரும் இரண்டு வண்டிகளில் ஒன்று நிலையத்தில் ஒதுங்கி நின்று மற்றதற்கு வழிவிடுவதைக் கிராசிங் என்பர். அவர் எதிர்பார்க்கும் வண்டியே பெரும்பாலும் ஒதுங்கி நிற்கும் வண்டியாக அமைகிறது. வியப்பு என்னவென்றால், இந்தச் செய்தி கேட்டதும் அவர் முகம் தெளிந்துவிடுகிறது. மரநிழலில் துண்டை விரித்து உட்கார்ந்து, தண்டவாள இடைவெளி ஒரு மீட்டராக இருந்த மீட்டர்கேஜ் காலத்தில் கரித்தூள் கண்ணில் விழ ஜன்னலோரம் பயணம் செய்ததை அவர் சொல்லத் தொடங்கினால், நாள் முழுதும் அவர்மீது மூண்ட கோபத்தை எங்கே வைப்பதென்று கேட்பவருக்குத் தெரியாமல் போகும். அவர் காட்ட விரும்பிய அமைதியான ஊர் இந்த நடைமேடைதானோ என்றுகூடத் தோன்றும்.

ஆனால் பக்கத்து இரும்புப் பெஞ்சில் சென்னையிலிருந்து வந்த பெரியம்மா உட்கார்ந்திருக்கிறார். அவர் கும்பகோணத்தில் ஒரு டிகிரி காப்பி குடிக்கவும் மகாமகக் குளத்தைப் பார்க்கவும் ஆசைப்பட்டவர்; இரண்டும் நேரமில்லை என்று மறுக்கப்பட்டன. மதியம் இரண்டு வாழைப்பழத்தோடு முடிந்தது. முழங்கால் வலிக்கிறது. பிறருடைய பசியையும் முழங்காலையும் கால அட்டவணைக்குள் அடக்கும் உரிமையை இவருக்கு யாரும் கொடுக்கவில்லை. ஒரு மணி நேரம் இருந்தும் காப்பிக்கு நேரமில்லை என்று சொன்னது மன்னிக்கத்தக்கதும் அன்று.

வண்டி தஞ்சையை அடையும்போது பெரிய கோயிலில் நடை சாத்தியிருக்கும். அன்றிரவே விருந்தினர் உழவன் எக்ஸ்பிரஸில், அதே மெயின் லைனில், அதே கும்பகோணத்தைத் தாண்டிச் சென்னை திரும்ப வேண்டியவர்கள். வழியனுப்ப வரும் அவர், அந்த வண்டி புறப்பட ஒன்றரை மணி நேரம் இருக்கும்போதே அவர்களை நடைமேடையில் கொண்டுவந்து உட்காரவைத்துவிடுவார்.