நமஸ்காரம் இல்லாத யோகாசனம்

கேள்வி: அமெரிக்காவில் அலபாமாவிலுள்ள மகள் வீட்டுக்குப் போகிறேன். அங்கே பள்ளிக் குழந்தைகளுக்கு ஊதியமின்றி யோகாசனம் கற்பிக்கலாமா?
— ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: பள்ளியார் இசைந்தால் தாராளமாக. ஆனால், 1993 முதல் பொதுப் பள்ளிகளில் யோகத்தையே பகிஷ்கரித்திருந்த அந்த மாகாணம், 2021-இல் மனமிரங்கிச் சட்டம் இயற்றியபோதும், ஆசனங்களை ஆங்கிலப் பெயராலேயே வழங்க வேண்டும், மந்திரமும் முத்திரையும் கூடா, 'நமஸ்தே' என்று வந்தனம் சொல்லவே கூடாது, பெற்றோரின் கையொப்பமும் வேண்டும் என்றெல்லாம் நிபந்தனைகள் விதித்திருப்பதால், தாங்கள் விருக்ஷாசனத்துக்கு 'ட்ரீ' என்றும் அதோமுக சுவானாசனத்துக்கு 'டாக்' என்றும் நாமகரணம் செய்துவிட்டே வகுப்பைத் தொடங்க வேண்டியிருக்கும். இதில் எனக்கு விசாரமில்லை. எந்தப் பாஷையில் பெயரிட்டாலும் குழந்தைகள் அந்த ஆசனத்தில் குரைக்கத்தான் போகிறார்கள். கும்பிட்டுப் பழகிய கைகளை மட்டும், வகுப்பு முடியும்வரை, சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.