சிங்க்குக்கடியில ஒரு குலசாமி

ஏலே தம்பி, இப்படி உக்காரு. தண்ணி குடிக்கியா? எந்தத் தண்ணின்னு கேப்பே, எனக்குத் தெரியாதா? இந்த ஊரு வீடுகள்ல தண்ணிக்கே அஞ்சு சாதி இருக்கு. குழாய்த் தண்ணி, பிரிட்ஜ் தண்ணி, பாட்டில் தண்ணி, ஆர்.ஓ. தண்ணி. எல்லாத்துக்கும் மேல, பந்தியில முதல் இலையில உக்காருத ஆல்கலைன் தண்ணி.

எனக்குக் கோவில்பட்டிக்குத் தெக்க ஒரு கரிசக்காட்டு ஊரு. எங்க ஊருணியில மாடும் குடிச்சுது, நாங்களும் குடிச்சோம். எங்க வீட்டுலயும் மூணு ஸ்டேஜ் உண்டு, பாத்துக்கோ. முதல்ல எங்க அம்மையோட பழைய சேலைத்துணி. பொறவு பானைக்குள்ள தேச்ச தேத்தாங்கொட்டை. கலங்கல் எல்லாம் அடியில உக்காந்துரும். மூணாவது, திண்ணையில மணல் மேல வச்ச மண்பானை. அதுக்காக அந்தத் தண்ணியில வியாதியே வராதுன்னு அளக்க மாட்டேன். பேதியில போன பிள்ளைகளைத் தூக்கிட்டுப் போனதும் அதே தெருவுலதான். பழசு எல்லாம் அமிர்தமுன்னு பேசுத கிழவன் நான் இல்ல.

எனக்குப் பிள்ளைக மூணு. மக நியூஜெர்சியில எடிசன். மூத்தவன் பே ஏரியாவுல பாஸ்டர் சிட்டி. இளையவன் டெக்சாஸ்ல பிளேனோ. ஆறு மாச விசா, வீட்டுக்கு ரெண்டு மாசம். மூணு வீட்டு சிங்க்குக்கு அடியிலயும் குனிஞ்சு பாத்தாச்சு. எனக்கு வேற என்ன சோலி இங்க?

மக வீட்டுக் கதையில இருந்து ஆரம்பிக்கேன். கிரகப்பிரவேசத்தன்னைக்கே ஆர்.ஓ. மிஷின் வந்து இறங்கிட்டு. உங்க ஆச்சி அதுக்குச் சந்தனம் குங்குமம் எல்லாம் வச்சா. அதோட சரி. நாலு வருசமா சிங்க்குக்கடிக் கதவை யாரும் தொறக்கல. குலசாமியைக் கூட வருசத்துக்கு ஒருக்கா போயி எட்டிப் பாப்போம் லே! மாப்பிள்ளை கிட்ட, "வடிகட்டியை எப்ப மாத்துனீக?"ன்னு கேட்டேன். "தண்ணி வருதுல்லா மாமா?"ன்னாக. "வருது மாப்பிள்ளை. சாக்கடையிலயும்தான் தண்ணி வருது"ன்னேன். காருக்கு எப்ப ஆயில் மாத்துனோமுன்னு மைல் கணக்கோட சொல்லுத மனுசன். வாயில ஊத்துத தண்ணிக்குக் கணக்கு இல்ல.

தொறந்து பாத்தோம். உள்ள வாற தண்ணியை அடைச்சு, தொட்டி வால்வை மூடி, மேல குழாயைத் தொறந்து அழுத்தத்தை இறக்கிட்டுத்தான் வடிகட்டிக் கூட்டைத் திருகணும். அதைச் செய்யாம திருகினா மூஞ்சியில குளிப்பாட்டிரும். முதல் கூட்டுல இருக்கிற பஞ்சு வடிகட்டி வாங்கும்போது வெள்ளை. வெளிய எடுத்தா கட்டஞ்சாயா நெறம். தொட்டா ஊருணிப் படிக்கட்டுப் பாசி மாதிரி வழுக்குது. மாப்பிள்ளை மூஞ்சி போன போக்கைப் பாக்கணுமே! நாலு வருசமா அது வழியாத்தான் காப்பி போட்டுக் குடிச்சிருக்காக.

இதுல என்ன சூட்சுமமுன்னு கேளு. முதல் கூடு மண்ணு, துரு எல்லாத்தையும் பிடிக்கும். ரெண்டாவது கரி, அது தண்ணியில இருக்கிற குளோரினைத் தின்னும். இதுக ரெண்டும் வாசல் காவக்காரன். உள்ள இருக்கிற சவ்வுதான் மகாராணி. குளோரின் பட்டா அவ உடம்பு புண்ணாயிரும். காவக்காரனுக்குக் கூலி குடுக்காம விட்டா ராணி என்ன ஆவா? ஆறு மாசத்துல இருந்து ஒரு வருசத்துக்குள்ள காவக்காரனை மாத்து. ராணி ரெண்டு மூணு வருசம் தாங்குவா. புதுசு போட்டதும் முதல் தொட்டித் தண்ணியைக் கீழ ஊத்திரு. கரித்தூளு வரும். அதைப் பாத்து "மிஷின் போச்சு"ன்னு அலறாதே.

அன்னைக்கு ராத்திரி இன்னொரு கூத்து. மூடின கூடு சொட்டுது. ஏன்னு பாத்தா, மாப்பிள்ளை அந்த ரப்பர் வளையத்துக்கு வாசலினைத் தடவியிருக்காக. உதட்டுக்குத் தடவுறதை ரப்பருக்குத் தடவுனா? அதுக்குன்னு சிலிக்கான் கிரீஸ் விக்கான். வாசலின் சில ரப்பரைக் கெடுத்துரும். பொறவு, மூடும்போது பலத்தைக் காட்டி முறுக்கவும் கூடாது. கையால இறுக்கி, சாவியால ஒரு சின்னத் திருகு. அம்புட்டுத்தான். பயில்வான் வேலையெல்லாம் ஜிம்முல வச்சுக்கோ.

நீ பிளேன்ல வந்து இறங்குனியே நேவார்க், எடிசனுக்குக் கூப்பிடு தூரம். அங்க நடந்ததைச் சொல்லுதேன். பழைய ஈயக் குழாயில இருந்து தண்ணியில ஈயம் கலந்துட்டு. 2018-ல நகராட்சி ஆயிரக்கணக்கான வீட்டுக்கு வடிகட்டி குடுத்துது. 2019 ஆகஸ்ட்ல மூணு வீட்டுல சோதிச்சாக. ரெண்டு வீட்டுல வடிகட்டியையும் தாண்டி ஈயம் வந்துட்டு. ஊரே அல்லோலகல்லோலம். பாட்டில் தண்ணிக்கு வரிசையில நின்னாக. பொறவு நெறைய வீட்டுல போயி சோதிச்சுப் பாத்தா, நூத்துக்கு 97 வடிகட்டி ஒழுங்கா வேலை பாக்குது. குழாயை அஞ்சு நிமிசம் ஓடவிட்டுப் பிடிச்சா 99. அந்தச் சாமான் பொய் சொல்லல. சரியா மாட்டணும், காலத்துல மாத்தணும், சுடுதண்ணியை அதுக்குள்ள விடக்கூடாது. நேவார்க் அதோட நிக்கல, அது பெரிய காரியம். மூணு வருசத்துக்குள்ள கிட்டத்தட்ட 23,000 ஈயக் குழாயைத் தோண்டி மாத்திப்போட்டாக. சிங்க்குக்கடியில பூசை பண்ணுறதை விட அது பெரிய வைத்தியம்.

எடிசன், மெட்டச்சன் பக்கத்து வீடுகளுக்கும் 2021-ல ஒரு நோட்டீஸ் வந்துச்சு. சவுத் பிளெயின்பீல்டு கிணத்துத் தண்ணியில பி.எஃப்.ஓ.ஏ.ங்கிற ரசாயனம் அளவுக்கு மேல இருக்குன்னு. நியூஜெர்சி அதுக்கு வச்ச அளவு, லட்சம் கோடியில 14 பங்கு. மக வீட்டுலயும் அந்தக் கடுதாசி வந்திருக்கு. விளம்பரக் காகிதமுன்னு குப்பையில போட்டுட்டாக! வருசா வருசம் ஜூலை 1-க்குள்ள தண்ணி அறிக்கை ஒண்ணு அனுப்பணுமுன்னு இந்த ஊருச் சட்டம். யாரு படிக்கா? உன் வீட்டுத் தண்ணியில என்ன இருக்குன்னு தெரியாம எதை வடிகட்டப் போறே லே?

இப்ப பாஸ்டர் சிட்டி. அங்க சனிக்கிழமை பாட்லக் விருந்து. பட்டணத்துப் பிள்ளைக எல்லாம் கூடி என்ன பேசுதுக? டி.டி.எஸ்., அதான் தண்ணியில கரைஞ்ச உப்புக் கணக்கு. "எங்க வீட்டுல 12." "எங்க வீட்டுல எட்டு." ஒருத்தன் சட்டைப் பையில இருந்தே அந்தப் பேனா மாதிரிக் கருவியை எடுத்து என் டம்ளர்ல முக்கிட்டான். வைத்தியன் நாடி பிடிச்ச மாதிரி உதட்டைப் பிதுக்கி, "அங்கிள், உங்களுக்கு 21"ங்கான். நான் பெயிலாம்.

அந்தத் தண்ணி எங்க இருந்து வருதுன்னு கேட்டேன். ஒருத்தனுக்கும் தெரியல. எனக்குத் தெரியும், படிச்சு வச்சிருக்கேன். யோசமிட்டி மலையில ஹெட்ச் ஹெட்சி பள்ளத்தாக்கு. 1923-ல கட்டின அணை. பனி உருகி, 167 மைல் தூரம் பள்ளத்தைப் பாத்தே ஓடி வருது. வடிகட்டாமலே குடுக்கலாமுன்னு சர்க்கார் விலக்கு குடுத்த தண்ணி அது. கிருமிக்கு ஒளி காட்டி, கொஞ்சம் குளோராமின் போட்டு விடுதாக. அந்த வாசம் பிடிக்கலைன்னா ஒரு நல்ல கரி வடிகட்டி போதும். வீட்டுக்குள்ள பழைய குழாய் இருந்தா ஈயத்துக்கு ஒருக்கா சோதிச்சுக்கோ. மூத்தவன் வீட்டுலயோ ஏழு ஸ்டேஜ் ஆர்.ஓ.! அதுல ஏழாவது என்னத்துக்குத் தெரியுமா? ஆறாவது வரைக்கும் எடுத்த உப்பைத் திருப்பிப் போட. தலையை மொட்டை அடிச்சிட்டு டோப்பா வாங்குதவனை எங்க ஊருல வேற பேரு சொல்லுவோம்.

இந்த ஆர்.ஓ. சவ்வுக்கு வழி போட்ட ரெண்டு பேர்ல ஒருத்தர் நம்ம ஆளு. ஸ்ரீனிவாச சௌரிராஜன். பேரே திருக்கண்ணபுரத்துப் பெருமாள் பேரு! அவரும் சிட்னி லோப்புமா 1960 வாக்குல லாஸ் ஏஞ்சல்ஸ் பல்கலைக்கழகத்துல செஞ்சாக. என்னத்துக்கு? கடல் தண்ணியைக் குடிதண்ணி ஆக்க. 1965-ல அதே கலிபோர்னியாவுல கொலிங்காங்கிற உப்புத்தண்ணி ஊருக்கு முதமுதல்ல போட்டாக. நம்ம ராமநாதபுரம் மாதிரி உப்புத்தண்ணி; குடிக்கத் தண்ணியை ரயில்ல கொண்டு வந்த ஊரு அது. உப்புக்குக் கண்டுபிடிச்சதைக் கொண்டுபோயி பனித்தண்ணிக்கு மாட்டிவிட்டு, அதுலயும் மார்க்கு வாங்குதீக!

டி.டி.எஸ். கருவியே வேண்டாமுன்னு சொல்லல. அதுக்கு ஒரு வேலை உண்டு. குழாயில 300, ஆர்.ஓ.வுல 30ன்னா சவ்வு நல்லாயிருக்கு. அந்த 30 ஏறி ஏறி 90 ஆனா ராணிக்கு வயசாயிட்டு. ராத்திரி முழுக்க நின்ன தண்ணியில காலையில எண்ணு கூடத்தான் காட்டும்; ஒரு டம்ளரைக் கீழ விட்டுட்டு அள. ஈயத்தையோ கிருமியையோ அது காட்டாது. ஈயத்துக்கு வச்ச எல்லை நூறு கோடியில 15 பங்கு. பத்து லட்சத்துல ஒண்ணை எண்ணுத கருவிக்கு அது கண்ணுலயே படாது. உப்பு மூட்டை நிறுக்கிற தராசுல மூக்குத்தியை வச்சா முள்ளு அசையுமா?

மூத்தவன் வீட்டுல ராத்திரி ரெண்டு மணிக்குச் சலசலன்னு சத்தம். எலியோன்னு பாத்தேன். கழிவுக் குழாய்! தொட்டி நெறஞ்சதும் தானா நிக்கணும், நிக்கவே இல்ல. தொட்டி வால்வை மூடிட்டுச் சும்மா கொஞ்ச நேரம் கவனிச்சேன். அப்பவும் ஓடுது. நின்னிருந்தா தொட்டிக் காத்தைப் பாக்கணும். நிக்கலைன்னா தானா அடைக்கிற அந்தச் சின்ன வால்வோ, திரும்பி வராமத் தடுக்கிற வால்வோ போச்சு. ரெண்டும் ஒரு பீட்சா காசு ஆகாது. சும்மா ஒழுங்கா ஓடுத மிஷினே ஒரு காலன் நல்ல தண்ணிக்கு அஞ்சு காலனோ அதுக்கு மேலயோ கீழ விடுதுன்னு இந்த ஊருச் சர்க்காரே எழுதியிருக்கு. 2024-ல இருந்து, 2.3 காலனுக்குள்ள விடுத மிஷினுக்கு ஒரு முத்திரை குடுக்காக. வாசல்ல புல்லுக்குத் தண்ணி விடாம "வறட்சி"ன்னு பலகை வச்சிருக்கான் என் மகன். உள்ள அருவி ஓடுது. ஆத்துல போட்டாலும் அளந்து போடச் சொன்ன ஊருல பொறந்தவன் லே அவன்!

பிளேனோவுல நடந்ததுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. ஆர்.ஓ. குழாயில தண்ணி முதல் டம்ளர் வருது, பொறவு நூல் மாதிரி ஒழுகுது. இளையவன் உடனே போனை எடுத்துட்டான். "புது மிஷின் வாங்கிருவோம்பா, 400 டாலர்." "பொறுடா"ன்னு தொட்டியைத் தூக்கிப் பாத்தேன். கனமா இருக்கு. தண்ணி உள்ள இருக்கு, வெளிய வர மாட்டேங்கு. ஏன்? உள்ள ஒரு ரப்பர் பை, அதைச் சுத்தித் தள்ளுத காத்து. காத்து போயிட்டு. தொட்டி லேசா இருந்துருந்தா வடிகட்டி அடைச்சிருக்குன்னு அர்த்தம். உள்ள வாற தண்ணியை அடைச்சேன். குழாயைத் தொறந்து தொட்டியைக் காலி பண்ணேன். பக்கவாட்டு மூடியைத் திருகினா, அட, பேரன் சைக்கிள் டியூப் வால்வேதான்! அவன்கிட்ட, "பம்பைக் கொண்டா ராசா"ன்னேன். காலித் தொட்டிக்கு ஏழு பவுண்டு அழுத்தம் போதும். மெல்ல நாலு அடி, அளவுக் கருவியில ஏழு. மூடிட்டுத் தண்ணியை விட்டோம். ரெண்டு மணி நேரத்துல குழாய் பழைய மாதிரி பீச்சுது. மகன் மூஞ்சியைப் பாத்தேன். ஐ.ஐ.டி.யில படிச்சவன். நான் அஞ்சாங்கிளாஸ், ஆனா சைக்கிள் கடையில ரெண்டு வருசம் பஞ்சர் ஒட்டியிருக்கேன்.

அதே பிளேனோவுல மார்ச் மாசம் தண்ணி நீச்சல்குளம் மாதிரி நாறும். "விசம் கலந்துட்டாக"ன்னு வாட்சப்புல ஓலம். வட டெக்சாஸ் நகராட்சித் தண்ணி மாவட்டம் வருசா வருசம் சில வாரம் அம்மோனியாவை நிறுத்திட்டு வெறுங் குளோரினா விடும், குழாயைச் சுத்தம் பண்ண. முன்கூட்டியே சொல்லிட்டுத்தான் செய்யுதாக. நம்மதான் அதைப் படிக்கிறதில்ல. 2021 பிப்ரவரி உறைபனியில வேற, ஒரு கோடிக்கு மேல டெக்சாஸ் ஆளுகளுக்குக் கொதிக்க வச்சுக் குடிக்கச் சொன்னாக. அப்பவும் சில பேரு, "எங்களுக்கு ஆர்.ஓ. இருக்கு"ன்னு காலை நீட்டிப் படுத்துக்கிட்டாகளாம். கொதிக்க வைன்னா கொதிக்க வையி, தம்பி. ஒரு நிமிசம் தளதளன்னு கொதிக்கணும். அதுக்கு ஏழு ஸ்டேஜும் ஈடு இல்ல.

இன்னும் ஒண்ணு. டிசம்பர்ல ஊருக்குப் போயி ஆறு வாரம் கழிச்சு வருவீகளே, வந்ததும் அந்தத் தொட்டித் தண்ணியை அப்படியே குடிக்காதே. குளோரினைத்தான் கரி தின்னுட்டே? உள்ள கிடக்கிற தண்ணிக்கு இப்ப காவல் இல்ல. முழுசாத் தொறந்து காலி பண்ணு. ரெண்டாவது தொட்டியைக் குடி.

உங்க ஆச்சி காப்பித் தண்ணி கேட்டுக் கூப்பிடுதா. நீ போறதுக்கு முன்னால அந்த மேசையில கறுப்பு மார்க்கர் ஒண்ணு கிடக்கு, எடுத்துட்டுப் போ. வீட்டுக்குப் போனதும் சிங்க்குக்கடியில குனி. முதல் கூட்டு மேல இன்னைக்குத் தேதியை எழுது.