மார்கழியில் ஒரு பிரெஞ்சு நகர் உலா

நாகப்பட்டினத்திலிருந்து வடக்கே சுமார் 20 கிலோமீட்டர் சென்றால், கடவுச்சீட்டு ஏதுமின்றிப் பழைய பிரெஞ்சு ஆட்சிப்பகுதிக்குள் நுழைந்துவிடலாம். 1739இல் பிரெஞ்சுக்காரர் பெற்று, இடையிடையே ஆங்கிலேயரிடம் பறிகொடுத்து மீட்டு, 1954 நவம்பர் 1 அன்று நிருவாகத்தை இந்தியாவிடம் ஒப்படைத்த காரைக்கால்தான் அது. மார்கழிப் பனியில், சம்பா கதிர்விடும் வயல்களைக் கடந்து அங்குச் செல்லும் ஆடவர் பலர், பழைய கட்டடங்களைக் காணவே போவதாக வீட்டில் சொல்லிச் செல்வது மரபு. வழிப்போக்கர் அமர்வதற்காகத் தெருவை நோக்கி எழுப்பப்படும் மேடையான திண்ணை தமிழர் வீட்டின் அடையாளமென்றும், தெருவுக்கு முகங்கொடாத உயர்ந்த மதில் பிரெஞ்சுப் பாணியின் அடையாளமென்றும் அறிஞர் பிரித்துரைப்பர். அவற்றை நின்று ஒப்பிடுவோர் அரியர். கலால் வரி, அதாவது மது முதலியவற்றின்மீது அரசு விதிக்கும் தீர்வை, காரைக்கால் அடங்கிய புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் தமிழ்நாட்டைவிடக் குறைவாதலால், பெரும்பாலான ஆய்வுகள் எல்லையை ஒட்டிய முதற்கட்டடத்திலேயே, அதுவும் அதன் உட்புறத்திலேயே, நிறைவுபெறுகின்றன. (அக்கட்டடத்தில் தூண்கள் எத்தனை என்ற கேள்விக்கு, நேரம் ஆக ஆக விடை இரட்டிப்பாகும்.) மாலையில் வாஞ்சூர் எல்லையில் பைகளைத் திறந்து பார்க்கும் காவலர் மட்டுமே, பிரெஞ்சு மரபின் எச்சங்களை ஒவ்வொன்றாக எடுத்து, உண்மையான அக்கறையுடன் ஆராய்கிறார்.