துவாலை அன்னமும் திணை மயக்கமும்: தீவு விடுதித் தம்பதியர் பற்றி ஒரு முன்னோட்ட ஆய்வு

ஆய்வுச் சிக்கல் என்று ஒன்று இருந்தால்தான் ஆய்வு என்பார்கள். இருக்கிறது. நெய்தல் நிலத்தின் உரிப்பொருள் இரங்கல். கடற்கரையில் இருக்கிறவள் தனியாக இருக்க வேண்டும், போனவனை நினைத்து ஏங்க வேண்டும். புணர்தல் குறிஞ்சிக்கு உரியது. நம் அப்பா அம்மாக்கள் இந்த இலக்கணம் பிசகாமல் தேன்நிலவுக்கு ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போனார்கள். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஏரிக்கரையில் படம் எடுத்துக்கொண்டார்கள். திணைக்கு ஒரு குறையும் வரவில்லை. இன்றைய தம்பதியர் மலையை விட்டுவிட்டு மாலத்தீவுக்குப் பறக்கிறார்கள். ஏங்க வேண்டிய மணலில் ஜோடியாகப் படுத்து இளநீர் குடிக்கிறார்கள். இந்த வழுவுக்கு அமைதி காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வுக் களமாக ஏன் மாலத்தீவு, ஏன் பாலி கூடாது என்று வாய்மொழித் தேர்வில் கேட்பார்கள். பாலியில் எரிமலையே இருக்கிறது. திணைத் தூய்மை கெட்டுவிடும். மாலத்தீவில் அந்தத் தொல்லை இல்லை. நிலத்தின் சராசரி உயரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் ஒன்றரை மீட்டர். குறிஞ்சி உள்ளே நுழைய வழியே கிடையாது.

முன்னாய்வுகளுக்குப் பஞ்சமில்லை. முதலாம் இராசராசனின் மெய்க்கீர்த்தி கடல் நடுவே பன்னிரண்டாயிரம் பழந்தீவுகளை மன்னன் கைப்பற்றியதாகச் சொல்கிறது. அது மாலத்தீவுதான் என்று வரலாற்றாசிரியர்கள் அடையாளம் காண்கிறார்கள். எண்ணிப் பார்த்தால் தீவுகள் சுமார் 1,200. ஒன்றைப் பத்தாக்கி எழுதும் அந்தக் கலை அழிந்துவிடவில்லை, இன்று அதே மரபில் விடுதிகளின் விளம்பரக் கையேடுகள் எழுதப்படுகின்றன. 14ஆம் நூற்றாண்டில் வந்த இப்னு பதூதா அங்கே காஜியாகவே பதவி வகித்தார். அவர் தம்பதியராகப் போகவில்லை. போன இடத்தில் தம்பதியரானார், அதுவும் ஒரு தடவையோடு நிற்கவில்லை. 1972இல் குரும்பா என்ற முதல் விடுதி 30 அறைகளோடு திறந்தது. பிறகு ஒரு தீவுக்கு ஒரு விடுதி என்பது வழக்கமாகி, தம்பதியர் சண்டை போட்டுக்கொண்டு வேறு விடுதிக்குப் போகும் வாய்ப்பும் அடைபட்டது.

தாவரவியலாரையும் இங்கே குறிப்பிட வேண்டும். இரட்டைத் தேங்காய் என்ற பெரிய காய் கடலில் மிதந்து வந்து மாலத்தீவில் ஒதுங்கும். கரையில் கிடைத்த காயை வைத்து மரத்துக்கே மாலத்தீவின் பெயர் வந்தது. மரம் செஷல்ஸில் நிற்கிறது என்பது தெரிந்து இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் அறிவியல் பெயரில் 'மால்டிவிகா' ஒட்டிக்கொண்டே இருக்கிறது. அச்சில் ஏறிய பிழைக்கு ஆயுள் கெட்டி. நம் பதிப்பாசிரியர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

தீவு விடுதித் தம்பதியர் மூவகையினர். புதுமணத்தார். வெள்ளிவிழாத்தார். குழந்தையைப் பாட்டியிடம் விட்டு வந்தார். முதல் வகையினர் ஆய்வாளரின் கேள்விகளுக்குப் பதில் சொல்வதில்லை. இரண்டாம் வகையினர் பஃபேயில் இட்லி தேடுவார்கள். காலையில் மாசியும் தேங்காய்த் துருவலும் வெங்காயமும் பச்சைமிளகாயும் பிசைந்து, ரொட்டியோடு 'மஸ் ஹுனி' என்று வைத்திருப்பார்கள். தொட்டுப் பார்த்துவிட்டு, "நம்ம மாசிக்கருவாடுதான்" என்று மூன்று தட்டு சாப்பிடுவார்கள். மூன்றாம் வகையினர் கடலுக்கு முதுகைக் காட்டி வீடியோ அழைப்பில் இருப்பார்கள்.

பொழுது. நெய்தலின் சிறுபொழுது எற்பாடு, பொழுது சாயும் நேரம். பல விடுதிகள், விருந்தினருக்கு மாலை வெளிச்சம் கூடுதலாகக் கிடைக்கட்டும் என்று, தலைநகர் மாலேயைவிடத் தங்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்திருக்கின்றன. ஆகவே ஒரே கடலில் ஒரே சூரியன் ஆறு மணிக்கும் ஏழு மணிக்கும் இறங்குகிறது. தொல்காப்பியர் இதை முன்பே அறிந்திருந்தார் என்று நிறுவ எங்கேனும் ஒரு பல்கலைக்கழகத்தில் ஒருவர் இந்நேரம் பதிவு செய்திருப்பார்.

மணல். பவளத் தீவின் வெண்மணலில் பெரும்பங்கு கிளிமீனின் வயிற்றிலிருந்து வருவது. பவளப்பாறையைக் கொறித்து, அரைத்து, பின்வழியே வெளியேற்றும். அதன்மேல்தான் விரலால் இதயம் வரைந்து, உள்ளே இரண்டு பெயரின் முதலெழுத்துகளை எழுதுகிறார்கள். இதற்கு மேல் இந்த இயலில் சொல்ல விரும்பவில்லை.

இனி அன்னம்.

அறைக்கதவைத் திறந்ததும் கண்ணில் படுவது படுக்கையின் நடுவே இரண்டு வெள்ளைத் துவாலைகள். ஒவ்வொன்றும் இரு ஓரத்திலிருந்தும் நடுவை நோக்கி இறுக்கச் சுருட்டி, கூர்முனையைக் கழுத்தாக வளைத்து, அலகோடு அலகு முட்ட வைத்தது. இரு கழுத்துக்கும் இடையே இதய வடிவில் வெற்றிடம். சுற்றிலும் காகிதப்பூ இதழ்கள். கணவன் கடலில் கால் நனைத்துவிட்டு வந்திருக்கிறான்.

"ஏங்க, அதத் தொடாதீங்க, இன்னும் போட்டோ எடுக்கல."

"பின்ன எதுல துடைக்கிறது?"

"லுங்கி கொண்டாந்தீங்கல்ல?"

இவ்வுரையாடல் தற்செயலானது என்று எண்ணுவோர் களஆய்வு செய்யாதவர்கள். இதற்கு நூற்பாவே உண்டு:

அன்னம் கலைப்பின் அவள்முகம் வாடும்;
கலையா தொழியின் கால்நீர் வடியும்.

இச்சூத்திரம் என் நுதலிற்றோ எனின், துவாலைப் பறவைக்கும் ஈரக்காலுக்கும் உள்ள பகையை உணர்த்துதல் நுதலிற்று. 'கலைப்பின்' என்றதனால் கலைப்பவன் கணவனே என்பதும், 'கலையா தொழியின்' என்றதனால் அவன் கலைக்காமல் இருந்ததற்கும் அவனே பொறுப்பு என்பதும் பெற்றாம் (என் சின்ன மாமா, வாய்மொழி).

இங்கே அறிஞர்கள் இரு கட்சியாகப் பிரிவர். எடுப்பார் கட்சி, துவாலை துடைப்பதற்கே என்னும் (குளியலறைக் கதவின் பின்புற அறிவிப்பு, லேமினேட் செய்த பதிப்பு, நீர்த்துளியால் சிதைந்த மூன்றாம் வரி). எடாதார் கட்சி, அன்னம் பார்ப்பதற்கே என்றும், துடைக்க வேறு துவாலை கேட்டால் ரூம் பாய் தருவார் என்றும் மறுக்கும். வேறு துவாலை கேட்டால் அவர் அதையும் அன்னமாக்கித் தருவார் என்பது எடுப்பார் கட்சியின் மறுப்புக்கு மறுப்பு. மூன்றாம் நாள் யானை வரும். யானை பற்றித் தனி நூல் எழுதும் திட்டம் உண்டு.

பறவை எது என்பதும் தீரவில்லை. மாலத்தீவில் அன்னம் கிடையாது. சமையற்கட்டுப் பின்புறம் மீன்தலைக்காகச் சாம்பல் நாரை ஒற்றைக் காலில் நிற்கும், அதை யாரும் துவாலையில் செய்வதில்லை. நம் இலக்கிய அன்னம் ஐரோப்பிய நீள்கழுத்துப் பறவையா, இமயம் தாண்டி வரும் பட்டைத்தலை வாத்தா என்று அறிஞர்கள் பக்கம் பக்கமாக எழுதிவிட்டார்கள். ரூம் பாய் அந்தக் கட்டுரைகளைப் படிக்காமலே ஒரு நிமிடத்தில் முடித்துவிடுகிறார். பாலையும் நீரையும் பிரிப்பது அன்னத்தின் இயல்பு என்பது மரபு. துவாலை அன்னம் இரண்டையும் பேதமின்றி உறிஞ்சும், சோதித்தாயிற்று.

தூது விடும் மரபு மட்டும் அப்படியே இருக்கிறது. அன்னத்தைப் படம் எடுத்து, குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பியதும் மறுமொழி வரும்: "சாப்பிட்டீங்களா?" (மாமியார் பாடம், இரவுப் பகுதி, 'சாப்பிட்டீங்களா' அதிகாரம். இதன்பின் வரும் "வாத்து நல்லாருக்கு" என்பது பெரியப்பாவின் இடைச்செருகல் என்பர் ஒரு சாரார். அழிக்கப்பட்ட செய்தி ஒன்று நடுவே இருந்ததால் பாடம் சிதைவு. அத்தை வைத்திருக்கும் படியில் கைகூப்பும் குறி இரண்டு, நாத்தனார் படியில் மூன்று. மூலப்படி வைத்திருந்த கைப்பேசி கடலில் விழுந்ததால் ஒப்புநோக்க இயலவில்லை. விழவைத்தவர் ஆய்வுலகுக்குச் செய்த தீங்கைப் பின்னொரு கட்டுரையில், அவர் ஊரில் இல்லாதபோது, விரிவாக எழுதுவேன்.)

இத்தகைய பாடபேத ஆய்வுக்குச் சில இதழ்களில் பக்கத்துக்கு இவ்வளவு என்று பணம் கட்டினால் இடம் கிடைக்கும். வழிகாட்டியின் பெயரை முதலில் போட வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

இப்போது வழுவமைதி. இரவு பத்து மணி. மனைவி கலைக்க விடவில்லை. கட்டிலின் நடுப்பகுதி முழுவதும் அன்னங்களுக்கும் காகிதப்பூவுக்கும் ஆகிவிட்டது. ஆகவே கணவன் இந்த ஓரத்திலும் மனைவி அந்த ஓரத்திலும் ஒருக்களித்துப் படுக்கிறார்கள். இடையே இரண்டு பறவைகள் மட்டும் ஒன்றையொன்று முத்தமிட்டுக்கொண்டிருக்கின்றன. வெளியே அலைச் சத்தம். ஒருவருக்கொருவர் கை எட்டவில்லை. இதற்குப் பெயர் இரங்கல். நெய்தல் நெய்தலாகவே இருக்கிறது. தம்பதியர் எவ்வளவு செலவழித்துப் போனாலும் திணை இலக்கணத்தை மீற முடிவதில்லை என்பது நிறுவப்பட்டது.

குறிஞ்சி வாதிகள் ஒரு கேள்வி எழுப்பலாம்: ஊட்டி விடுதிகளிலும் இப்போது துவாலை அன்னம் வைக்கிறார்களே? அது போலி என்று விட்டுவிடலாம். வசதியில்லாத தரவைக் கையாளும் முறை இதுவே என்று பயின்றிருக்கிறேன்.

மேலாய்வு தேவை. அதற்கு மறுபடி போக வேண்டும். விடுதித் தீவுக்குப் போகும் கடல் விமானம் பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும். பொழுது சாய்ந்து வந்து இறங்கினால் மாலே பக்கம் ஓர் இரவு தங்கிப் போக வேண்டும். அச்செலவையும் நல்கை விண்ணப்பத்தில் சேர்த்திருக்கிறேன். மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்று வீசும். மழை உண்டு, அறை வாடகை குறையும். நல்கைக் குழு அந்த மாதங்களுக்கு மட்டும் ஒப்புதல் தந்தாலும் சம்மதமே. விண்ணப்பத்தில் ஆய்வாளர், ஆய்வு உதவியாளர் என்று இரண்டு பெயர்கள் இருக்கும். இருவருக்கும் வீட்டு முகவரி ஒன்றாக இருப்பதைக் குழுவினர் பெரிதுபடுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.