வாயு மாமா

மாரிகுப்பத்திலிருந்து காலை ரயில் கிளம்புமுன்னே ஜன்னலோரம் இடம் பிடித்து, மடியில் டிபன் கேரியரை அணைத்துக்கொண்டு, எதிர் சீட்டுப் பையன் கொட்டாவி விட்ட மறுநொடி "வாயுடா தம்பி, வாயு" என்கிறாரே, அவரைத்தான் சொல்கிறேன். உங்கள் பெட்டியிலும் ஒருவர் இருப்பார்.

கொட்டாவிக்கு வாயு. விக்கலுக்கு வாயு. பெங்களூரில் ராத்திரி முழுக்கக் கண்விழித்து வேலை பார்த்த பையன் உட்கார்ந்தபடியே தூங்கி விழுந்தால், அது தூக்கம் இல்லையாம். வாயு தலைக்கு ஏறிவிட்டதாம். ஒருத்தருக்குக் கழுத்துப் பிடித்துக்கொண்டால் வாயு அங்கே போய் உட்கார்ந்திருக்கிறது. மறுநாள் அதே கழுத்து சரியாகிவிட்டால் வாயு இடம் மாறியிருக்கிறது, இப்போது எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும், "முதுகுல குத்துதா? யோசிச்சுச் சொல்லு." கூச்சத்தில் அந்த மனிதர் யோசிக்கிறார். யோசித்தால் யாருக்குத்தான் முதுகில் குத்தாது?

ஒரு நாள் பங்காருப்பேட்டைக்கு முன்னால் ரயில் வெகுநேரம் நின்றுவிட்டது. பிரேக் குழாயில் காற்றுக் கோளாறாம் என்று யாரோ இறங்கிப் பார்த்துவிட்டு வந்து சொன்னார். மாமா ஒன்றும் பேசவில்லை. பெட்டியில் இருந்த எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார், அவ்வளவுதான்.

நூறு வருஷத்துக்கு மேல் ஓடிய எங்கள் கோலார் தங்கச் சுரங்கம் 2001 பிப்ரவரி 28-ல் மூடப்பட்டதற்கு ஊரில் ஆளுக்கு ஒரு காரணம் சொல்வார்கள். தங்கம் குறைந்துபோச்சு, ஆழம் மூன்று கிலோமீட்டரைத் தாண்டிப்போச்சு, வெட்டி எடுக்கிற செலவு கட்டுப்படியாகவில்லை. மாமாவிடம் கேட்டுப் பாருங்கள்: "நாள் முழுக்க ரூம்ல உட்கார்ந்து தீர்மானம் போடறவனுக்கு வாயு ஏறாம வேற என்னா ஏறும்?"

வருஷம் முழுக்க இவர் இப்படித்தான். ஆனாலும் இவருக்கு உண்மையான சீசன் மார்கழி, தை. பனி இறங்கி, ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டிலும் ஆண்டர்சன்பேட்டையிலும் அவரைக்காய் மூட்டை மூட்டையாக வந்து குவிகிற நேரம். கோலார் பக்கத்தில் அந்த மாதங்களில் வேறு காய் வாங்குவதே பாவம் மாதிரி. காலையில் அவரைக்கொட்டை போட்ட உப்புமா, மத்தியானம் கேழ்வரகுக் களியும் பிதுக்குப்பருப்புக் குழம்பும், சாயங்காலம் வறுத்த அவரைப் பருப்பு கலந்த மிக்சர், ராத்திரி மீதிக் குழம்பு. மாமா எதையும் விடுவதில்லை. குழம்பை மூன்றாவது தடவை ஊற்றிக்கொள்ளும்போதே, "இந்த அவரை இருக்கே, சுத்த வாயு" என்று எச்சரிக்கவும் தவறுவதில்லை.

பிறகு வைத்தியம். ஓமத்தண்ணி, மோரில் கரைத்த பெருங்காயம், சுட்ட பூண்டு, சுக்குக் கஷாயம், இடதுபக்கமாகப் படுப்பது, முழங்காலை மடக்கி வயிற்றோடு அழுத்துவது. இதில் எதையும் குறை சொல்ல முடியாது, சிலருக்குக் கொஞ்சம் சுகமாகத்தான் இருக்கிறது. ஆனால் கடைசி அஸ்திரம் கோலி சோடா. ஒரே மடக்கில் குடித்துவிட்டு, பெட்டியே திரும்பிப் பார்க்கும்படி ஓர் ஏப்பம் விட்டு, "பாத்தியா, உள்ள இருந்தது வெளிய வந்துடுச்சு" என்பார். இப்போதுதான் பாட்டிலோடு உள்ளே போனது அது என்று சொல்லுகிற தைரியம் இந்த ரயிலில் எவனுக்கும் கிடையாது.

விஷயம் என்னவோ எளிமையானதுதான். அவரை, மொச்சை, கொள்ளு, காராமணி எல்லாவற்றிலும் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்று சில சர்க்கரைகள் உண்டு. அவற்றை உடைக்கிற நொதி மனிதக் குடலில் சுரப்பதில்லை. அப்படியே பெருங்குடலுக்குப் போய்ச் சேர்ந்ததும் அங்கே குடியிருக்கும் பாக்டீரியாக்கள் விருந்து வைத்துக்கொள்கின்றன. விருந்தில் மிஞ்சுவது ஹைட்ரஜன், கரியமில வாயு, சிலர் வயிற்றில் மீத்தேன். இந்தச் சர்க்கரைகள் தண்ணீரில் கரையும். ராத்திரி ஊறப்போட்டு, காலையில் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் நன்றாக வேகவைத்தால் ஒரு பங்கு அங்கேயே ஒழியும். முளைகட்டினால் இன்னும் குறையும்.

இதைப் புத்தகம் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதே இல்லை. மாமா வீட்டு அடுப்படியில் போய்ப் பார்த்தால் போதும். அத்தை முதல்நாள் உட்கார்ந்து காயை உரித்து, கொட்டையைக் குண்டானில் ஊறவைத்துவிட்டு, விடிந்ததும் தண்ணீரை வடித்துப் பிதுக்க ஆரம்பிப்பார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஓர் அழுத்து. பச்சைத் தோல் கையில் நிற்கும், பருப்பு வழுக்கிக்கொண்டு தட்டில் விழும், ஒன்றிரண்டு குறி தப்பி அலமாரிக்கு அடியில் ஓடும். ஒரு வேளைக் குழம்புக்குள் விரல் நுனியெல்லாம் ஊறிச் சுருங்கிவிடும். தோலோடு நார் போகிறது, தண்ணீரோடு சர்க்கரை போகிறது. மாமா தேடுகிற வைத்தியத்தில் பாதி சாப்பாட்டுக்கு முன்னாலேயே முடிந்துவிட்டது, அவருக்குத்தான் தெரியாது. தெரியாதது மட்டுமா, "சத்தெல்லாம் அந்தத் தண்ணிலதான் இருக்கு, அதைக் கொட்டறியே" என்று சண்டை வேறு. ஒரு கொட்டை பிதுக்கியதில்லை மனிதர். அத்தை பதில் சொல்லாமல் தண்ணீரை முருங்கை மரத்தடியில் ஊற்றுவார்.

கொஞ்சமாகத் தொடங்கித் தினமும் சாப்பிட்டால் வயிறே பழகிக்கொள்ளும் என்பது மாமாவுக்குப் பிடிக்காத சேதி. 2011-ல் அமெரிக்காவில் இரண்டு ஆராய்ச்சியாளர்கள், தினம் அரைக் கப் பயறு கொடுத்துப் பார்த்த சோதனைகளின் முடிவை வெளியிட்டார்கள். முதல் வாரத்தில் காராமணி தின்றவர்களில் ஐந்தில் ஒருவர்தான் காற்று அதிகம் என்றார். வாரங்கள் போகப் போகப் பெரும்பாலோருக்கு அதுவும் அடங்கிவிட்டது. இதில் வேடிக்கை, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகப் பயறே கொடுக்காமல் விட்டிருந்தவர்களிலும் சிலர் வாயு என்று புகார் சொல்லியிருக்கிறார்கள். மாமாவுக்கு அமெரிக்காவில் சொந்தக்காரர்கள் இருப்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நல்ல ஆரோக்கியமான ஆளுக்கும் நாளைக்குப் பத்து, இருபது தடவை காற்றுப் பிரிவது சகஜம் என்று அவரிடம் சொல்லிப் பார்த்தேன். "எண்ணிப் பாத்தவன் எவன்?" என்று கேட்டுவிட்டார்.

சட்டைப் பையில் எப்போதும் ஓமப் பொட்டலம். காலேஜுக்குப் போகிற ஒரு பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, பெட்டியில் முதலில் எழுந்து இடம் கொடுத்தவர் அவர்தான். ஓமத்தைக் கையில் கொட்டி, தன் பாட்டிலில் இருந்த வெந்நீரையும் கொடுத்து, ஒயிட்ஃபீல்டு வரை நின்றுகொண்டே வந்தார். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.

ஆனால் ஒன்றை மட்டும் மன்னிக்க முடியாது. நெஞ்சை அழுத்துகிறது என்பவருக்கும் அதே ஓமத்தைத்தான் நீட்டுகிறார். அந்த வலி இடது கைக்கோ தாடைக்கோ பரவினாலும், உடம்பு வேர்த்துக் கொட்டினாலும், மூச்சு வாங்கினாலும், "வாயுதான், ஒரு சோடா குடிச்சுட்டுச் சாஞ்சுக்க" என்கிறார். மாரடைப்பில் கொஞ்ச நேரம் தாமதித்தாலும் இதயத் தசை செத்துக்கொண்டே போகும். வயிற்று வலியோடு மலத்தில் ரத்தம் கண்டாலோ, காரணமில்லாமல் எடை குறைந்தாலோ அதுவும் அவரைக்காய் செய்கிற வேலை இல்லை. டாக்டரைப் பார்க்க வேண்டிய வேலை. மாமா நல்லவர்தான். அதற்காக அவர் பேச்சைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள். நெஞ்சு வலி என்று ஒருவர் சொன்னால் சோடாவைப் பிடுங்கிக் கீழே வைத்துவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள்.